உண்மையின் பக்கம் நின்ற போர்வீரர்

இரு நாடுகளுக்கிடையே மூளும் போரைக் காட்டிலும் கொடியது உள்நாட்டுப் போர். அதில் பகைவன் கடல் கடந்து வருவதில்லை. நேற்றுவரை ஒரே தெருவில் வாழ்ந்தவர்களும் ஒரே வயிற்றில் பிறந்தவர்களும் எதிரெதிர் அணியில் நின்று ஒருவரையொருவர் கொன்று குவிக்கின்றனர். 1936ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் அத்தகைய போர் ஒன்று மூண்டது. நீதி எந்தப் பக்கம் இருப்பதாக நம்பினாரோ, அந்தப் பக்கம் நின்று போரிட ஓர் ஆங்கில எழுத்தாளர் அங்குச் சென்றார். குளிரையும் பசியையும் தாங்கினார், குண்டடியும் பட்டார். ஆயினும், பகைவரின் குண்டைவிடத் தம் அணியினர் பரப்பிய பொய்யே அவர் உள்ளத்தை ஆழமாகப் புண்படுத்தியது. அவர்தாம் ஜார்ஜ் ஆர்வெல்.

இளமைக் காலம்

ஆர்வெலின் இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். அவர் 1903ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இந்தியாவின் பீகார் பகுதியிலுள்ள மோதிகாரி என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை ஆங்கில அரசின் அபினித் துறையில் பணியாற்றினார். குழந்தையாக இருந்தபோதே தாயார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார். படிப்பில் சிறந்து விளங்கிய எரிக், உதவித்தொகை பெற்றுப் புகழ்மிக்க ஈட்டன் பள்ளியில் பயின்றார்.

பள்ளிப் படிப்பை முடித்ததும் அவர் பல்கலைக்கழகத்திற்குச் செல்லவில்லை. 1922ஆம் ஆண்டு பர்மாவுக்குச் சென்று காவல்துறை அதிகாரியாகப் பணியில் சேர்ந்தார். ஐந்தாண்டுகள் அங்குப் பணிபுரிந்தார். ஆள்வோர் ஆளப்படுவோரை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதை அவர் அருகிலிருந்து கண்டார். அந்தக் கொடுமையில் தமக்கும் பங்குண்டு என்ற எண்ணம் அவரை வாட்டியது. 1927ஆம் ஆண்டு விடுமுறையில் இங்கிலாந்து திரும்பியவர், அப்பணியைத் துறந்தார்.

பின்னர், ஏழைகளின் வாழ்க்கையை அவர்களோடு வாழ்ந்தே அறிய விரும்பினார். பாரிஸ் நகர உணவகங்களில் பாத்திரம் கழுவினார். இலண்டனில் வீடற்றவர்களோடு அலைந்து திரிந்தார். அந்த அனுபவங்களை 1933ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டபோதுதான் ஜார்ஜ் ஆர்வெல் என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். 1936ஆம் ஆண்டு ஐலீன் என்னும் மங்கையை மணந்து, ஒரு சிற்றூரில் மளிகைக் கடை நடத்தியும் ஆடு கோழி வளர்த்தும் எளிமையாக வாழ்ந்தார். திருமணமாகி ஓராண்டுகூட நிறைவடையவில்லை. ஸ்பெயின் அவரை அழைத்தது.

ஸ்பெயினில் மூண்ட தீ

1936ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைபெற்ற தேர்தலில், தொழிலாளர்களுக்கும் ஏழை உழவர்களுக்கும் ஆதரவான கட்சிகள் கூட்டாக வென்று ஆட்சி அமைத்தன. பெருநிலக்கிழார்களும் படைத்தலைவர்கள் பலரும் அதனை ஏற்கவில்லை. ஜூலை மாதம் படைத்தலைவர்கள் சிலர் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். விரைவில் பிராங்கோ என்பவர் அவர்களுக்குத் தலைவரானார். ஜெர்மனியின் ஹிட்லரும் இத்தாலியின் முசோலினியும் அவருக்கு வானூர்திகளையும் படைவீரர்களையும் அனுப்பி உதவினர். பிரிட்டனும் பிரான்சும் தலையிட மறுத்துவிட்டன. சோவியத் ஒன்றியம் அரசுத் தரப்புக்கு ஆயுதங்களை வழங்கியது. அதனால், அத்தரப்பில் சோவியத் தலைவர் ஸ்டாலினின் செல்வாக்கு நாளுக்கு நாள் வளர்ந்தது.

மக்கள் தேர்ந்தெடுத்த அரசைக் காக்கப் பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் திரண்டு சென்றனர். 33 வயது ஆர்வெலும் அவர்களுள் ஒருவர். 1936ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் அவர் பார்சிலோனா நகரை அடைந்தார். செய்திக் கட்டுரைகள் எழுதலாம் என்பதே அவருடைய முதல் எண்ணம். ஆனால், அந்நகரின் காட்சி அவர் மனத்தை மாற்றியது. அங்கு ஆட்சி தொழிலாளர்களின் கையில் இருந்தது. கட்டடங்கள்தோறும் கொடிகள் பறந்தன. உணவகப் பணியாளர்கள் வாடிக்கையாளரை நேருக்கு நேர் பார்த்து, சமமானவர்களாகப் பேசினார்கள். ஐயா என்று பணிந்து அழைக்கும் வழக்கம் மறைந்திருந்தது. போராடிக் காக்கத் தக்க ஒன்று இங்கு உண்டு என்று அவருக்குத் தோன்றியது. உடனே அவர் மக்கள் படையில் சேர்ந்தார். தம்மிடம் இருந்த அறிமுகக் கடிதத்தின் வழியாக அவர் சேர்ந்தது, பி.ஓ.யூ.எம். என்று அழைக்கப்பட்ட சிறிய தொழிலாளர் கட்சியின் படைப்பிரிவாகும். அது ஸ்டாலினைக் குறைகூறிய கட்சி. அந்தச் சிறு செய்தி தம் உயிருக்கே உலை வைக்கும் என்பதை அன்று அவர் அறிந்திருக்கவில்லை.

குளிரும் பேனும் பழைய துப்பாக்கியும்

படைமுகாமில் இருந்தவர்களுள் பலர் பதினைந்து பதினாறு வயதுச் சிறுவர்கள். நாளொன்றுக்குக் கிடைக்கும் பத்துப் பெசேட்டா ஊதியத்திற்காகவும் ரொட்டிக்காகவும் பெற்றோரே சிலரைக் கொண்டுவந்து சேர்த்தனர். பயிற்சி என்ற பெயரில் அணிவகுத்து நடக்க மட்டுமே கற்றுக்கொடுத்தார்கள். துப்பாக்கியைப் பிடிக்கவும் குறிபார்க்கவும் எவரும் சொல்லித் தரவில்லை. கொடுப்பதற்குத் துப்பாக்கிகளும் இல்லை. போர்முனைக்கு அருகில் சென்ற பிறகே ஆர்வெலின் கைக்கு ஒரு துப்பாக்கி வந்தது. அது 1896ஆம் ஆண்டு ஜெர்மனியில் செய்யப்பட்டது; நாற்பது ஆண்டுப் பழமையானது; துருப்பிடித்தது. அவர் முதலில் கண்ட காயங்கள்கூடப் பகைவரால் ஏற்பட்டவையல்ல. பயிற்சியற்ற சிறுவர்கள் தவறுதலாகச் சுட்டதனால் ஏற்பட்டவை.

1937ஆம் ஆண்டு ஜனவரியில் அவருடைய படைப்பிரிவு அரகோன் மாநில மலைகளில் நிறுத்தப்பட்டது. பகைவரின் பதுங்குகுழிகள் நெடுந்தொலைவில் எதிர்மலையில் இருந்தன. பழைய துப்பாக்கியின் குண்டு அங்குப் போய்ச் சேருவதே அரிது. ஆகவே, குளிர்காலம் முழுவதும் உண்மையான பகைவனாக விளங்கியது குளிர்தான். மலையுச்சியில் எலும்பை ஊடுருவும் காற்று வீசியது. வீரர்கள் இருந்த துணிகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டும் நடுங்கினர். விறகு, உணவு, புகையிலை, மெழுகுவத்தி ஆகிய நான்கைப் பற்றிய கவலைக்குப் பிறகே பகைவனைப் பற்றிய கவலை வந்தது என்று ஆர்வெல் பின்னாளில் எழுதினார். ஒரு சுள்ளியைப் பொறுக்குவதற்காக உயிரைப் பணயம் வைத்து வெட்டவெளியில் தவழ்ந்து சென்றவர்களும் உண்டு.

குளிப்பதற்கு நீரில்லை. கால்சட்டைத் தையல்களில் சீலைப்பேன்கள் முட்டையிட்டுப் பெருகின. இரவில் எலிகள் உடல்மீது ஏறி ஓடின. காலணிகள் கிழிந்தன. தலைக்கவசம் இல்லை, நிலப்படம் இல்லை. குண்டுகளுக்குப் பற்றாக்குறை இருந்ததால், வீரர்கள் சில வேளைகளில் ஒலிபெருக்கிக் குழாயால் பகைவரை நோக்கிக் கூவினார்கள். வெண்ணெய் தடவிய சூடான ரொட்டியை நாங்கள் தின்றுகொண்டிருக்கிறோம், எங்கள் பக்கம் வந்துவிடுங்கள் என்று ஒருவர் ஆசை காட்டுவார். அவரிடமும் வெண்ணெய் இல்லை. ஆயினும், அதைக் கேட்டு இரு தரப்பினரின் நாவிலும் எச்சில் ஊறியது.

இத்தனை துன்பங்களுக்கிடையிலும் ஆர்வெல் மனம் தளரவில்லை. அந்தப் படையில் தலைவருக்கும் சிப்பாய்க்கும் ஒரே ஊதியம், ஒரே உணவு, ஒரே உடை. அதிகாரிக்கு எவரும் கைகூப்பி நிற்க வேண்டியதில்லை. ஏன் செய்ய வேண்டும் என்று எடுத்துரைத்தால்தான் வீரர்கள் ஒரு வேலையைச் செய்தார்கள். அந்தச் சமத்துவம் அவருக்குப் புதிய நம்பிக்கையை அளித்தது.

ஒருநாள் அதிகாலையில் ஊவெஸ்கா நகருக்கு வெளியே அவர் பகைவரைக் குறிபார்த்துக் காத்திருந்தார். அப்போது பகைவர் பதுங்குகுழியிலிருந்து ஒரு வீரன் எழுந்து ஓடினான். அரைகுறையாக உடுத்தியிருந்த அவன், நழுவும் கால்சட்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஓடினான். ஆர்வெல் சுடவில்லை. கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடுபவன் பகைவனாகத் தெரியவில்லை; தம்மைப் போன்ற ஒரு மனிதனாகவே தெரிந்தான். போர்க்களத்திலும் அவருடைய மனிதநேயம் மங்கவில்லை.

தம்மவரே பகைவராயினர்

115 நாள்கள் போர்முனையில் கழித்த பின்னர், ஏப்ரல் இறுதியில் ஆர்வெல் விடுப்பில் பார்சிலோனா திரும்பினார். மனைவி ஐலீன் முன்னரே அங்கு வந்து, ஓர் அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டிருந்தார். கந்தல் ஆடையோடு வந்த ஆர்வெலுக்கு அந்நகரை அடையாளமே தெரியவில்லை. செல்வர்கள் மீண்டும் பட்டாடை உடுத்தி விலைமிக்க உணவகங்களில் விருந்துண்டனர். ரொட்டிக்கடை வாசலில் ஏழைப்பெண்கள் நீண்ட வரிசையில் நின்றனர். போர்முனையில் துருப்பிடித்த துப்பாக்கிகளே இருக்க, நகரக் காவலர்களின் தோளில் புத்தம்புதிய துப்பாக்கிகள் மின்னின. யாருக்காகக் குளிரில் நடுங்கினோம் என்ற கேள்வி அவர் நெஞ்சைக் குடைந்தது.

மே மாதம் 3ஆம் நாள், தொழிற்சங்கத்தின் பொறுப்பில் இருந்த தொலைபேசி நிலையத்தைக் காவலர்கள் கைப்பற்ற முயன்றனர். அரசுத் தரப்பிலிருந்த கட்சிகளே ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. ஆர்வெல் மூன்று நாள்கள் இரவும் பகலும் ஒரு திரையரங்கின் கூரைமீது துப்பாக்கியுடன் அமர்ந்து, எதிரே இருந்த தம் கட்சி அலுவலகத்தைக் காவல் காத்தார். பொதுப் பகைவனாகிய பிராங்கோ மகிழும் வண்ணம், ஒரே அணியினர் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதைக் கண்டு அவர் மனம் கசந்தது.

சண்டை ஓய்ந்த பிறகு வந்த பொய்ச் செய்திகள் அதைவிடக் கசந்தன. பி.ஓ.யூ.எம். கட்சியினர் பிராங்கோவிடம் கூலி வாங்கும் துரோகிகள் என்றும், அவர்களே கலவரத்தைத் தூண்டினர் என்றும் நாளேடுகள் எழுதின. அதே வேளையில், அக்கட்சியின் இளைஞர்கள் பிராங்கோவின் படையை எதிர்த்துப் பதுங்குகுழிகளில் உயிரை விட்டுக்கொண்டிருந்தனர்.

உள்ளம் உடைந்தபோதும் ஆர்வெல் போர்முனைக்குத் திரும்பினார். மே 20ஆம் நாள் அதிகாலை ஐந்து மணியளவில், மணல்மூட்டை அரணருகே நின்று காவலாளிகளோடு அவர் பேசிக்கொண்டிருந்தார். மிகவும் உயரமான அவருடைய தலை அரணுக்கு மேலே தெரிந்தது. மறைந்திருந்து சுட்ட பகைவனின் குண்டு அவருடைய கழுத்தைத் துளைத்துச் சென்றது. மின்சாரம் தாக்கியதுபோல் உடல் அதிர, அவர் கீழே சாய்ந்தார். வாயிலிருந்து குருதி வழிந்தது. இறக்கப் போகிறோம் என்றே அவர் எண்ணினார். முதலில் அவர் நினைவுக்கு வந்தவர் மனைவி ஐலீன்.

நண்பர்கள் அவரைத் தூக்குப்படுக்கையில் கிடத்திக் கரடுமுரடான பாதையில் சுமந்து சென்றனர். குண்டு முக்கிய இரத்தக் குழாயை மயிரிழையில் தவறவிட்டிருந்தது. உயிர் தப்பியது, ஆனால், குரல் போய்விட்டது. இனி உரக்கப் பேசவே முடியாது என்று மருத்துவர் ஒருவர் கூறினார். ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின்னர்க் குரல் திரும்பியது என்றாலும், அது முன்போல் வலிமையாக இல்லை.

ஒளிந்து திரிந்த நாள்கள்

ஜூன் 20ஆம் நாள், போர்ப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்றிதழுடன் ஆர்வெல் பார்சிலோனா திரும்பினார். தங்கும் விடுதிக்குள் நுழைந்ததும் ஐலீன் புன்னகையுடன் எழுந்து வந்து, அவர் கழுத்தில் கைபோட்டு, உடனே வெளியேறிவிடுமாறு காதோடு காதாக எச்சரித்தார். நான்கு நாள்களுக்கு முன்பே அரசு அக்கட்சியைத் தடைசெய்திருந்தது. தலைவர் நின் கைது செய்யப்பட்டு, பின்னர்க் கொல்லப்பட்டார். கட்சியோடு தொடர்புடையவர்கள் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஐலீனின் அறையைக் காவலர்கள் இரவில் சோதனையிட்டு, ஆர்வெலின் நாட்குறிப்புகளையெல்லாம் அள்ளிச் சென்றிருந்தனர். தம்மோடு போரிட்ட ஸ்காட்லாந்து இளைஞர் பாப் ஸ்மில்லி சிறையில் இறந்த செய்தியும் ஆர்வெலுக்குப் பேரிடியாக வந்தது.

காயம் ஆறாத நிலையில் ஆர்வெல் தலைமறைவானார். இடிந்த தேவாலயத்திலும் ஆளில்லா வெற்றிடங்களிலும் இரவைக் கழித்தார். பகலில் செல்வந்தச் சுற்றுலாப் பயணியைப்போல் உணவகங்களில் அமர்ந்து, காவலர்களின் கண்ணில் மண்ணைத் தூவினார்.

அந்த நிலையிலும் அவர் தம் உயிரை மட்டும் எண்ணவில்லை. அவருடைய படைத்தலைவர் ஜார்ஜ் கோப் சிறையில் வாடினார். கோப்பிடமிருந்து காவலர்கள் பறித்த ஓர் அரசுக் கடிதம் கிடைத்தால், அவரை விடுவிக்க வழி பிறக்கும் என்று ஆர்வெல் கருதினார். ஐலீனுடன் துணிந்து சிறைக்கே சென்று கோப்பைச் சந்தித்தார். பின்னர் இராணுவ அலுவலகத்திற்குச் சென்று அக்கடிதத்தைக் கேட்டார். கோப் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்று வினவிய அதிகாரிக்கு அவர் உண்மையையே சொன்னார். அந்தப் பதிலே தம்மைக் கைது செய்யப் போதுமானது என்பது அவருக்குத் தெரியும். அதிகாரி தயங்கினார், ஆனாலும், கடிதத்தைப் பெற்றுத் தந்தார். பிரியும்போது, துரோகி என்று முத்திரை குத்தப்பட்ட ஆர்வெலின் கையை எல்லாரும் பார்க்கப் பற்றிக் குலுக்கினார். அக்கடிதம் கோப்பை மீட்கவில்லை. ஆயினும், அந்த ஒரு கைகுலுக்கலை ஆர்வெல் இறுதிவரை மறக்கவில்லை. ஒரு நாட்டையே பொய் சூழ்ந்தாலும், நேர்மையான மனிதர் எங்கேனும் இருப்பார் என்பதற்கு அவருக்கு அதுவே சான்றாயிற்று.

ஜூன் 23ஆம் நாள் ஆர்வெலும் ஐலீனும் இரு நண்பர்களும் தொடர்வண்டியில் பிரான்ஸ் நாட்டின் எல்லையைக் கடந்தனர். எல்லைக் காவலர்களின் பட்டியலில் அவர்களுடைய பெயர்கள் இல்லாததால் தப்பினர்.

பேனா ஏந்திய வீரர்

இங்கிலாந்து திரும்பிய ஆர்வெல், கண்டதைக் கண்டவாறே எழுதினார். அங்கும் அவருக்கு ஏமாற்றமே காத்திருந்தது. உண்மையை வெளியிட்டால் அது பிராங்கோவுக்கு உதவிவிடும் என்று பலர் அஞ்சினர். இதழ் ஒன்று அவருடைய கட்டுரையை ஏற்கவில்லை. வழக்கமாக அவருடைய நூல்களை வெளியிட்டு வந்தவரும் மறுத்துவிட்டார். ஆனால், பொய்யின்மீது கட்டப்படும் எந்த நல்ல கொள்கையும் நிலைக்காது என்பதில் ஆர்வெல் உறுதியாக இருந்தார். வேறொரு பதிப்பகத்தார் 1938ஆம் ஆண்டு ‘கேட்டலோனியாவுக்கு வணக்கம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அந்நூலை வெளியிட்டனர். அச்சிட்டவை 1500 படிகளே. அவையும் அவர் வாழ்நாளில் முழுமையாக விற்றுத் தீரவில்லை.

1939ஆம் ஆண்டு போர் முடிவுக்கு வந்தது. பிராங்கோ வென்று, 1975ஆம் ஆண்டில் தாம் இறக்கும்வரை சர்வாதிகாரியாக ஆண்டார். ஸ்பெயினில் கற்ற பாடம் ஆர்வெலின் பிற்கால எழுத்துகளுக்கெல்லாம் வித்தானது. புரட்சி செய்த விலங்குகளையே அவற்றின் தலைவர்கள் ஏமாற்றும் கதையை ‘விலங்குப் பண்ணை’ என்னும் நூலாக 1945ஆம் ஆண்டு வெளியிட்டார். நடந்த வரலாற்றையே அழித்து எழுதும் கொடுங்கோல் அரசைக் காட்டும் ‘1984’ என்னும் புதினம் 1949ஆம் ஆண்டு வெளிவந்தது. காசநோயோடு போராடியவாறே அதை எழுதி முடித்த அவர், 1950ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் தமது 46ஆம் வயதில் மறைந்தார்.

போரில் தோற்றவர்கள் பலர் மறக்கப்படுவர். வென்றவர்கள் எழுதியதே வரலாறாக நிற்கும். ஆனால், விற்காமல் கிடந்த அந்நூல் இன்று உலகெங்கும் படிக்கப்படுகிறது. அன்று அவர் ஒளிந்து திரிந்த பார்சிலோனா நகரில், இன்று ஒரு சதுக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எதிரியின் குற்றத்தை எடுத்துரைக்க எவருக்கும் துணிவு உண்டு. தம்மவரின் குற்றத்தையும் மறைக்காமல் சொல்வதற்கே உண்மையான வீரம் வேண்டும். அந்த வீரம் ஆர்வெலிடம் இருந்தது.